மூன்றாவது ஆள் வந்தால்தான் தெரியும்: ஜிட்ஸி மீட் சர்வரை அப்டேட் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் நாங்கள் நடத்தும் சிறு பயிற்சி மையத்தில் மாலை 6 மணிக்குப் பிளஸ் டூ வகுப்பு தொடங்கும். கணக்கு வாத்தியார் கோயம்புத்தூரில் இருக்கிறார். பிள்ளைகள் சுற்றியுள்ள ஹட்டிகளிலும் (படுகர் ஊர்கள்) எஸ்டேட் லைன் வீடுகளிலும் இருக்கிறார்கள். இருட்டிய பிறகு கடைசி பஸ்ஸை நம்பி யாரும் பெண்பிள்ளைகளை வெளியே அனுப்ப மாட்டார்கள். வழியில் காட்டெருமை நிற்கும் பயம் வேறு. அதனால் வகுப்பு முழுக்க வீடியோவில்தான். அதற்காக ஜிட்ஸி மீட் என்ற கட்டற்ற மென்பொருளை எங்கள் சொந்த சர்வரில் போட்டு ஓட்டுகிறோம். வியாழக்கிழமை இரவுகளில் அதே சர்வரில் சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டமும் நடக்கும்.

இந்த சர்வரை அப்டேட் செய்வதில் நான் பட்டதையும் கற்றதையும் இங்கே எழுதுகிறேன். உபுண்டு அல்லது டெபியனில் பேக்கேஜ் வழியாக ஜிட்ஸியை நிறுவியவர்களுக்கானது இது. டாக்கரில் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளுக்குள் ஓட்டும் முறை) ஓட்டுபவர்களுக்கு வழி வேறு, ஆனால் சோதனை செய்யும் பகுதி அவர்களுக்கும் பொருந்தும். கட்டளைகளை வாயால் சொல்வது போலத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். திரையில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ஓடுகிற சர்வரை ஏன் தொட வேண்டும்?

நல்லா ஓடுதே, விட்டுவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நம் சர்வர் நின்ற இடத்திலேயே நின்றாலும் பிள்ளைகளின் போனில் இருக்கும் குரோம் நிற்காது. ஏறத்தாழ மாதம் ஒரு புதிய பதிப்பு வந்துகொண்டே இருக்கும். 2022-ல் குரோம் "பிளான் பி" என்ற பழைய இணைப்பு முறையை முழுவதுமாக எடுத்துவிட்டது. அதை நம்பி இருந்த பழைய ஜிட்ஸி பதிப்புகள் அதன் பிறகு திண்டாடின. பாதுகாப்பு ஓட்டைகள் தனிக் கணக்கு. பிள்ளைகளின் முகமும் குரலும் போகும் சர்வர் இது, ஓட்டையோடு விட்டுவைக்கக் கூடாது.

வருடக்கணக்கில் விட்டுவிட்டு ஒரே தாவாகத் தாவுவதுதான் மிகவும் ஆபத்து. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் மாற்றங்கள் சிறிதாக இருக்கும், எது உடைந்தது என்று கண்டுபிடிப்பதும் எளிது.

உள்ளே என்னென்ன இருக்கிறது

ஜிட்ஸி ஒரே நிரல் இல்லை. எஞ்சின்-எக்ஸ் வலைப்பக்கத்தைக் கொடுக்கிறது. புரோசடி செய்திகளைக் கடத்துகிறது, பயனர் கணக்குகளும் அதனிடம்தான். ஜிகோஃபோ எந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறது. படத்தையும் குரலையும் சுமப்பது வீடியோபிரிட்ஜ். அது படங்களைக் கலந்து ஒன்றாக்குவதில்லை. ஒருவரிடமிருந்து வாங்கி மற்ற எல்லோருக்கும் அனுப்புகிறது, அவ்வளவுதான். அதற்கு யூடிபி 10000 என்ற போர்ட், அதாவது இணைப்பு வாசல், திறந்திருக்க வேண்டும். வலைப்பக்கத்துக்கு டிசிபி 443.

இந்த நாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்பவை. ஆகவே ஒன்றை மட்டும் தனியாகப் புதிய பதிப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். ஜிட்ஸி பேக்கேஜ்கள் எல்லாம் ஒரே தடவையில் போகட்டும்.

இன்னொன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். அறையில் இரண்டே பேர் இருந்தால் ஜிட்ஸி வீடியோபிரிட்ஜைப் பயன்படுத்துவதில்லை. முடிந்தவரை இருவரையும் நேரடியாக இணைத்துவிடும். மூன்றாவது ஆள் நுழைந்த பிறகுதான் எல்லோருடைய படமும் பிரிட்ஜ் வழியாகப் போகத் தொடங்கும்.

நாள் பார்ப்பது

மலையில் இது ஒரு வேலைதான். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு மழை கொட்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்கு மழை. மரம் விழுந்தால் கரண்ட் போகும், மலைப்பாதையில் மண் சரிந்தால் ஃபைபர் அறுந்து போகும். அந்த மாதங்களில் அவசரப் பாதுகாப்பு அப்டேட் தவிர வேறெதையும் நான் தொடுவதில்லை. ஜனவரி, பிப்ரவரி நல்ல நேரம். பனி விழும், விரல் விறைக்கும், ஆனால் வானம் தெளிவாக இருக்கும். மார்ச்சில் பொதுத்தேர்வு வந்துவிடும், அப்போது தொடவே கூடாது.

கிழமை என்றால் சனிக்கிழமை இரவு 9 மணிக்கு மேல். மறுநாள் வகுப்பு இல்லை, ஏதாவது கெட்டுப்போனால் சரிசெய்ய ஒரு முழுப் பகல் கையில் இருக்கும். இரண்டு நாள் முன்பே வாட்ஸ்அப் குழுவில் தகவல் போட்டுவிடுவேன். அப்புறம் யுபிஎஸ் பேட்டரி. சுவர் பிளக்கைப் பிடுங்கி விட்டு எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். அரை மணி நேரம் தாங்காவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

திரும்பி வர வழி செய்துகொள்ளுங்கள்

அப்டேட்டில் முக்கால்வாசி வேலை இதுதான். சர்வர் மெய்நிகர் கணினியாக இருந்தால் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நொடியில் இருக்கும் நிலையின் முழுப் படி) போதும். எங்களுடையது மேசைக்கடியில் இருக்கும் நிஜப் பெட்டி. அதனால் குளோன்சில்லா பென்டிரைவில் பூட் செய்து முழு டிஸ்கையும் வெளி ஹார்ட்டிஸ்க்கில் படியெடுத்துக்கொள்கிறேன். இதைச் சனிக்கிழமை மதியமே முடித்துவிடுவேன்.

படி இருந்தாலும் அமைப்புக் கோப்புகளைத் தனியாகவும் எடுத்து வையுங்கள். ஒரே ஒரு வரி தேவைப்படும்போது முழு டிஸ்கையும் திருப்ப முடியாது. ஈடிசி கோப்புறைக்குள் ஜிட்ஸி, புரோசடி, எஞ்சின்-எக்ஸ் என்ற மூன்று கோப்புறைகள், கோடர்ன் (நேராக இணைய முடியாதவர்களுக்கு இடைவழியாக நிற்கும் நிரல்) போட்டிருந்தால் அதன் கோப்பு, வார்-லிப்-புரோசடி என்ற இடத்தில் உள்ள பயனர் கணக்குகள், யூஎஸ்ஆர்-ஷேர்-ஜிட்ஸி-மீட் கோப்புறை. இவை எல்லாவற்றையும் டார் கட்டளையால் ஒரே கட்டாகக் கட்டி, தேதி போட்டு, பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சொன்ன ஷேர் கோப்புறையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேல் மூலையில் வரும் லோகோ, பக்கத்தின் தலைப்பு, இன்டர்ஃபேஸ் கான்ஃபிக் கோப்பு எல்லாம் அங்கேதான். அப்டேட் ஆனதும் அவை கேட்காமலே புதிதாக எழுதப்பட்டுவிடும். மையத்தின் லோகோ போய் ஜிட்ஸியின் லோகோ வந்து நிற்கும். பயப்பட ஒன்றுமில்லை, பழையதை எடுத்துப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்து, இப்போது ஓடும் பதிப்பு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். டிபிகேஜி மைனஸ் எல் கட்டளை பட்டியலைத் தரும். ஜிட்ஸி-மீட், ஜிட்ஸி-மீட்-வெப், வெப்-கான்ஃபிக், ஜிட்ஸி-மீட்-புரோசடி, ஜிகோஃபோ, ஜிட்ஸி-வீடியோபிரிட்ஜ்2, அப்புறம் புரோசடி. நான் நோட்டில் பேனாவால் எழுதி வைக்கிறேன். சர்வர் எழுந்திருக்காத நேரத்தில் சர்வருக்குள் இருக்கும் குறிப்பைப் படிக்க முடியாது.

ஜாவாவைப் பாருங்கள்

வீடியோபிரிட்ஜும் ஜிகோஃபோவும் ஜாவாவில் ஓடுபவை. முன்பு ஜாவா 11 போதும். இப்போதைய பதிப்புகளுக்கு ஓபன்-ஜேடிகே 17 வேண்டும். ஜாவா மைனஸ் வெர்ஷன் என்று அடித்துப் பாருங்கள். 17 நிறுவப்பட்டிருந்தும் திரையில் 11 என்று வந்தால், அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் கட்டளையால் 17-ஐ முதன்மையாக்குங்கள். பழைய ஜாவாவோடு புதிய பிரிட்ஜைத் தொடங்கினால் அது எழுந்திருக்காது. லாக்கில், அதாவது நிரல் எழுதி வைக்கும் பதிவில், கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 61 என்று ஒரு பிழை வரும். 61 என்பது ஜாவா 17-ஐக் குறிக்கும் எண். அதைப் பார்த்தால் காரணம் ஜாவாதான், வேறெங்கும் தேட வேண்டாம்.

இயங்குதளமும் பழசாக இருக்கலாம். உபுண்டு 20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அதில் இருப்பவர்கள் 22.04-க்குப் போகத்தான் வேண்டும். ஆனால் அதையும் ஜிட்ஸி அப்டேட்டையும் ஒரே இரவில் செய்யாதீர்கள். உபுண்டுவை மேலேற்றும்போது வெளியாரின் பேக்கேஜ் களஞ்சியங்களை, அதாவது ஜிட்ஸியினுடையதையும், அது முடக்கி வைத்துவிடும். மறுபடி இயக்கிவிட வேண்டும். ஒரு வாரம் இடைவெளி விடுங்கள்.

இனி அப்டேட்

பகலிலேயே பேக்கேஜ்களை இறக்கி வைத்துவிடுங்கள். முதலில் சூடோ ஏபிடி-கெட் அப்டேட். பிறகு ஏபிடி லிஸ்ட், இரட்டைக் கோடு (அடுத்தடுத்து இரண்டு மைனஸ் குறி), அப்கிரேடபிள். வரும் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். சாவி தொடர்பாகப் பிழை வந்தால் ஜிட்ஸியின் கையெழுத்துச் சாவி மாறியிருக்கும், அதிகாரப்பூர்வக் கையேட்டில் சொல்லியபடி புதிய சாவியைச் சேருங்கள். சரிபார்ப்பை முடக்கிவிட்டுப் போகாதீர்கள். பட்டியல் சரியென்றால் சூடோ ஏபிடி-கெட் அப்கிரேட் மைனஸ் டி. இந்த மைனஸ் டி இறக்கி மட்டும் வைக்கும், நிறுவாது. நம் ஊர் லைன் இரவில் பாதியில் விட்டுவிட்டுப் போனாலும் கவலை இல்லை.

இரவு வேலையைத் தொடங்கும் முன் அறையில் யாரும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு டிமக்ஸ் திறந்து அதற்குள் வேலை செய்யுங்கள். வீட்டிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாக வந்திருக்கும்போது நெட் போனால், டிமக்ஸ் இல்லாவிட்டால் நிறுவல் நடுவிலேயே அறுந்துபோகும். டிமக்ஸ் இருந்தால் சர்வரில் வேலை பாட்டுக்கு நடக்கும். நெட் வந்ததும் டிமக்ஸ் அட்டாச் என்று திரும்ப நுழைந்து பார்க்கலாம்.

சூடோ ஏபிடி-கெட் அப்கிரேட். ஏதாவது பேக்கேஜ் நிறுத்தி வைக்கப்பட்டதாகச் சொன்னால் டிஸ்ட்-அப்கிரேட் தேவைப்படலாம். எதை நீக்கப் போகிறது என்று அது காட்டும் வரியைப் படிக்காமல் ஒய் அழுத்தாதீர்கள்.

நடுவில் ஒரு கேள்வி வரும்: நீங்கள் மாற்றியிருக்கும் அமைப்புக் கோப்பை வைத்துக்கொள்ளவா, பேக்கேஜோடு வந்த புதியதைப் போடவா? புரோசடியின் முதன்மைக் கோப்புக்கு இது அதிகம் வரும். டி அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். பார்த்துவிட்டு N என்ற எழுத்தை அழுத்துங்கள், உங்கள் கோப்பு அப்படியே இருக்கும். புதியது டிபிகேஜி-டிஸ்ட் என்ற வாலோடு பக்கத்திலேயே கிடக்கும், மறுநாள் பகலில் ஒப்பிட்டுக்கொள்ளலாம். தூக்கக் கலக்கத்தில் ஒய் அழுத்திவிட்டால் உங்கள் பழையது டிபிகேஜி-ஓல்ட் என்ற பெயரில் இருக்கும்.

முடிந்ததும் புரோசடி, ஜிகோஃபோ, வீடியோபிரிட்ஜ், எஞ்சின்-எக்ஸ் என்ற வரிசையில் சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் கொடுத்து, ஒவ்வொன்றின் ஸ்டேட்டஸையும் பாருங்கள். நாலும் பச்சையில் ஆக்டிவ் என்று காட்ட வேண்டும்.

கரண்ட் போன இரவு

ஒரு அக்டோபர் இரவு, நிறுவல் பாதி ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. யுபிஎஸ் நாலே நிமிடத்தில் கூவிவிட்டு அணைந்தது. ஒரு மணி நேரம் கழித்து சர்வர் எழுந்தது. ஆனால் ஏபிடி எதைக் கேட்டாலும் பிழை. அப்போது நான் செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு கட்டளை: சூடோ டிபிகேஜி, இரட்டைக் கோடு, கான்ஃபிகர், மைனஸ் ஏ. பாதியில் நின்றதை அது முடித்துக்கொடுத்திருக்கும். எனக்கு அது தெரியவில்லை. வீடியோபிரிட்ஜை அடியோடு எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று பர்ஜ் கொடுத்தேன். ரிமூவ் கொடுத்தால் பேக்கேஜ் மட்டும் போகும், அமைப்புக் கோப்புகள் இருக்கும். பர்ஜ் கொடுத்தால் அவையும் போகும். போயின.

மறுபடி நிறுவினேன், நாலும் பச்சை. வீட்டிலிருந்த மனைவியின் போனையும் என் லேப்டாப்பையும் ஒரே அறையில் இணைத்தேன். படம் தெரிந்தது, குரல் கேட்டது. நிம்மதியாகப் படுத்துவிட்டேன்.

அடுத்த வகுப்பில் ஆறு மணிக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன, படமும் குரலும் இல்லை. வாத்தியாரின் வாய் அசைவது அவர் திரையில் அவருக்கு மட்டும் தெரிந்தது. ரீஸ்டார்ட் செய்தேன், எல்லோரையும் வெளியே போய் வரச் சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்போது கீழ்க்கோத்தகிரிப் பக்கத்து மாணவி ஒருத்தி போன் செய்தாள்.

"சார், நான் முதல்ல வந்தேன். அப்புறம் வாத்தியார் வந்தார். ரெண்டு பேரும் நல்லா பேசிக்கிட்டோம். மூணாவதா ஆள் வந்ததும் படம் போயிருச்சு."

அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில்தான் விடை இருந்தது. இருவர் இருந்தவரை பிரிட்ஜ் தேவைப்படவில்லை, மூன்றாவது ஆள் வந்ததும் தேவைப்பட்டது. ஆக, கெட்டது பிரிட்ஜுக்குப் போகும் வழி.

எங்கள் ரவுட்டரில் இரண்டு லைன்கள். ஒன்று நிலையான முகவரியுள்ள ஃபைபர், இன்னொன்று அது அறுந்தால் கைகொடுக்கும் மாற்று லைன். அதனால் வீடியோபிரிட்ஜின் கோப்பில், வெளி முகவரி இதுதான் என்று ஃபைபரின் எண்ணைக் கையால் எழுதி வைத்திருந்தேன். பர்ஜ் கொடுத்ததில் அந்த வரி போய்விட்டது. புதிய நிறுவல் தன் வெளி முகவரியைத் தானே தேடிக்கொண்டது, மழை இரவில் அதற்குக் கிடைத்தது மாற்று லைனின் முகவரி. பிள்ளைகளின் போன்கள் எல்லாம் அந்தத் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. பழைய பேக்கப்பிலிருந்து அந்த வரியை எடுத்துப் போட்டு, பிரிட்ஜை ரீஸ்டார்ட் செய்தேன். ஒவ்வொரு முகமாகத் திரையில் வந்தது. மணி 6.50. ஐம்பது நிமிட வகுப்பு போயிருந்தது, தேர்வுக்கு நாளை எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அது சின்ன இழப்பு இல்லை.

சோதனையை இப்படிச் செய்யுங்கள்

மூன்று சாதனங்கள் கட்டாயம். அதில் ஒன்றாவது வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் இருக்க வேண்டும். எல்லாமே மையத்தின் வைஃபைக்குள் இருந்தால், வெளியிலிருந்து வரும் வழி சரியா என்பது தெரியவே தெரியாது. நான் குன்னூரில் இருக்கும் தம்பியை ஒன்பதரைக்குத் தயாராக இருக்கச் சொல்லிவிடுவேன்.

அந்த நேரத்தில் ஆள் கிடைக்காவிட்டால் ஒரு குறுக்குவழி உண்டு. அறையின் முகவரிக்குப் பின்னால் ஹேஷ் குறி போட்டு, கான்ஃபிக், புள்ளி, பி2பி, புள்ளி, எனேபிள்டு, சமக்குறி, ஃபால்ஸ் என்று சேர்த்துத் திறந்தால் நேரடி இணைப்பு முடங்கும். இரண்டு பேர் இருந்தாலும் பிரிட்ஜ் வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு சாதனத்திலும் அதே முகவரியைத் திறக்கவும்.

படம் வராவிட்டால் முதலில் யூடிபி 10000. சர்வரில் டிசிபிடம்ப் (வந்துபோகும் இணையத் தரவைக் காட்டும் கருவி) ஓடவிட்டு அந்தப் போர்ட்டை மட்டும் கவனியுங்கள். மொபைல் டேட்டாவில் உள்ளவர் நுழையும்போது ஒன்றுமே வரவில்லையென்றால் ஃபயர்வால், ரவுட்டர், அல்லது எங்களுக்கு ஆனது போல வெளி முகவரி. வந்தும் படம் இல்லையென்றால் வார்-லாக்-ஜிட்ஸி கோப்புறையில் ஜேவிபி (வீடியோபிரிட்ஜின் சுருக்கப் பெயர்), ஜிகோஃபோ இரண்டின் லாக்கையும் பாருங்கள். அறைக்குள்ளேயே நுழைய முடியவில்லையென்றால் பெரும்பாலும் புரோசடியில்தான் சிக்கல், அதன் லாக் தனிக் கோப்புறையில் இருக்கும்.

பிறகு திரைப் பகிர்வு, அரட்டை, கடவுச்சொல்லோடு அறை திறப்பது, பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் செயலி வழியாக நுழைவது. இந்தக் கடைசியை விடாதீர்கள், எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் கையில் அப்பாவின் பழைய போன்தான் இருக்கிறது. கணினியில் பழைய பக்கத்தைத் திறந்தபடியே விட்டிருப்பவர்களுக்கு ஏதாவது கோளாறாகத் தெரியலாம், பக்கத்தை ஒருமுறை ரீலோட் செய்யச் சொன்னால் போதும்.

சரிவராவிட்டால்

தொடங்கும் முன்பே ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரவு 11.30. அதற்குள் மூவர் சோதனை தேறாவிட்டால் மேற்கொண்டு நோண்டாமல் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடுவேன். நோட்டில் எழுதிய எண்களை வைத்து, ஒவ்வொரு பேக்கேஜ் பெயருக்கும் சமக்குறி போட்டுப் பழைய எண்ணைக் கொடுத்து, எல்லா ஜிட்ஸி பேக்கேஜ்களையும் ஒரே ஏபிடி-கெட் இன்ஸ்டால் கட்டளையில், இரட்டைக் கோடு போட்ட அலோ-டவுன்கிரேட்ஸ் சேர்த்து நிறுவலாம். பிறகு ஏபிடி-மார்க் ஹோல்டு கொடுத்தால் அது தானாக மேலே போகாது. அதுவும் ஆகவில்லையென்றால் மதியம் எடுத்த டிஸ்க் படி இருக்கிறது. காரணத்தைப் பகல் வெளிச்சத்தில், டீ குடித்துவிட்டுத் தேடுங்கள்.

தேறிவிட்டால் லோகோவைத் திரும்பப் போடுங்கள், வலைப்பக்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும் என்று உலாவியில் பாருங்கள். புதிய பதிப்பு எண்களை நோட்டில் பழையதுக்குக் கீழே எழுதுங்கள். டிஸ்க் படியை இரண்டு வாரம் அழிக்காதீர்கள்.

அடுத்த வகுப்பின் முதல் கால் மணி நேரம் நான் ஜேவிபி லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு அதே அறையில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது பெயர் பட்டியலில் ஏறியதும் வாத்தியாரின் கரும்பலகை தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் லாக்கை மூடிவிடுவேன்.